பரிதாபத்துக்குக் கிடைத்த பெயரா?

கேள்வி: கியூபாவின் அனா ஃபிடேலியா கிரோட்டை 800 மீட்டர் ஓட்டத்தின் மகத்தான வீராங்கனைகளில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூட இல்லை. 1995 உலகப் பட்டமும் மொசாம்பிக்கின் மரியா முடோலா தகுதிநீக்கம் ஆனதால் கிடைத்ததுதான். தீக்காயக் கதை மட்டும் இல்லையென்றால் அவரை யார் சீந்துவார்கள்?
– ஒரு வாசகர்

பதில்: தீ விபத்து நடந்தது 1993 ஜனவரியில். சரி, உங்களுக்காக அதை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்கு முந்தைய கணக்கை மட்டும் பார்ப்போம்.

1989 செப்டம்பர், பார்சிலோனாவில் தடகள உலகக் கோப்பை. 800 மீட்டரை 1 நிமிடம் 54.44 விநாடியில் முடித்தார். அன்றுவரை அதைவிட வேகமாக ஓடியிருந்த பெண்கள் இரண்டே பேர்: செக்கோஸ்லோவாக்கியாவின் கிரடோச்விலோவா, சோவியத்தின் ஒலிசரென்கோ. 2024இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற கீலி ஹாட்ஜ்கின்சன் அந்த ஆண்டு லண்டனில் ஓடிய 1:54.61கூட இதற்குப் பின்னால்தான். அதே உலகக் கோப்பையில் 400 மீட்டரும் அவருக்கே. அந்தத் தூரத்தில் அவருடைய சிறந்த நேரம் 49.61 விநாடி. கடைசி நூறு மீட்டரில் அவர் பாய்ந்து வருவதைப் பார்த்தவர்கள் 'கரீபியன் புயல்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

ஒலிம்பிக் தங்கம் எங்கே என்கிறீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸையும் 1988 சியோலையும் கியூபா புறக்கணித்தது. முதலாவதை விட்டுவிடலாம், அப்போது அவர் பெரும்பாலும் 400 மீட்டர்க்காரர். சியோல்தான் உறுத்துகிறது. போட்டியை நடத்துவதில் வடகொரியாவுக்குப் பங்கு தரவில்லை என்று ஹவானா முறுக்கிக்கொண்டபோது, 1987க்கும் 1990க்கும் இடையே 39 பந்தயங்களைத் தொடர்ந்து வென்ற ஓட்டத்தின் நடுவில் இருந்தார் கிரோட். போயிருந்தால் தங்கம் நிச்சயம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்; 1987 ரோம் உலகப் போட்டியில் அவர் நான்காவதுதான். ஆனால் ஓட விடாமல் நிறுத்தியது அரசாங்கம், பதக்கம் இல்லை என்ற பழி மட்டும் அவருக்கா? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், கருவுற்றிருந்த நிலையிலும் வெண்கலம் வாங்கினார்.

இனி தீயைப் பற்றிப் பேசலாம். வீட்டுச் சமையலறையில் நடந்த விபத்தில் உடம்பில் 38 சதவீதம் வெந்தது. வயிற்றிலிருந்த குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில நாட்களில் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில், புவேர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில் மத்திய அமெரிக்க–கரீபியன் விளையாட்டில் வெள்ளி. நேரம் 2 நிமிடம் 5 விநாடி, அவர் தரத்துக்கு மிக மெதுவானது. அதைப் பாராட்டி யாராவது 'மகத்தான' என்று எழுதியிருந்தால், அதைப் பரிதாபம் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்வேன். 1995 கோதன்பர்க் உலகப் போட்டியில் ஓடிய 1:56.11க்கு அந்தப் பேச்சு ஒட்டாது. அரையிறுதியில் தடம் மாறி மிதித்தது முடோலாவின் கால், கிரோட்டின் கால் அல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முடோலாவும் ஓடினார்: கிரோட் வெள்ளி, முடோலா வெண்கலம்.

அடுத்த ஆண்டு ஏதென்ஸ் உலகப் போட்டி. கிரோட்டுக்கு வயது 34. யாரும் தகுதிநீக்கம் ஆகவில்லை, முடோலா இறுதிப் போட்டியில் முழுசாக ஓடி மூன்றாவதாக வந்தார். தங்கம் கிரோட்டுக்கு. இதற்கு என்ன சாக்கு வைத்திருக்கிறீர்கள்?