பத்து மாத்திரை, மூன்று டாக்டர்: அம்மாவுக்குக் குழப்பமில்லாமல் மருந்து கொடுப்பது எப்படி?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலி. மூன்று டாக்டர்கள் பார்க்கிறார்கள், தினமும் பத்து மாத்திரை. கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்கி அடுக்கிவிட்டால் போதுமா?

டப்பா வாங்குங்கள், ஆனால் கடைசியாக. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்காமல் அடுக்கினால், வேண்டாத மாத்திரையும் தினமும் நேரம் தவறாமல் உள்ளே போகும். மூன்று டாக்டர்களும் அவரவர் எழுதியதைத்தான் பார்க்கிறார்கள். பத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் முதலில் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் மேஜையில் கொட்டுங்கள். சீட்டில் உள்ளவை மட்டும் போதாது. சிரப், கண் சொட்டு, இன்ஹேலர், சத்து மாத்திரை, மூலிகைச் சூரணம், வலி வந்தால் மட்டும் போடுவது, பழைய அட்டையில் மிச்சமிருப்பது எல்லாம் வரவேண்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு எத்தனை, யார் எழுதியது, எப்போதிருந்து, எதற்காக. கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. ‘எதற்காக’ என்ற இடம் காலியாக இருந்தால், டாக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெயர் எழுதும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் பிராண்டை மட்டும் எழுதாமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் எழுதுங்கள். ஒரு டாக்டர் பிரஷருக்கு அம்லோடிபின் தனியாக எழுதியிருப்பார். இன்னொருவர் டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் கலந்த மாத்திரையை வேறு பிராண்டில் எழுதியிருப்பார். மூலப்பெயரைப் பார்த்தால்தான் ஒரே மருந்து இரண்டு முறை போவது தெரியும். பாராசிட்டமாலும் இப்படித்தான்: சளி மாத்திரையிலும் இருக்கும், வலி மாத்திரையிலும் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

‘எப்போதிருந்து’ என்பதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து சேர்ப்பது அடிக்கடி நடக்கிறது. அம்லோடிபின் தொடங்கிய சில வாரங்களில் கணுக்கால் வீங்குகிறது. நீர் கோத்திருக்கிறது என்று, நீர் பிரிய ஃபுரோசமைடு மாத்திரை சேர்க்கிறார்கள். அந்த வீக்கம் உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்ததல்ல, சிறு ரத்தக் குழாய்கள் விரிந்து கசிவதால் வருவது. ஃபுரோசமைடுக்குப் பெரிதாக வடியாது. ஆனால் பொட்டாசியம் குறையும், யூரிக் அமிலம் ஏறும், கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வலிக்கும். அதற்கு ஒரு வலி மாத்திரை. அது பிரஷரை ஏற்றும். பிரஷர் மருந்தின் அளவு கூடும். தேதிகளை வரிசையாகப் பார்த்தால் சங்கிலி எங்கே தொடங்கியது என்று டாக்டருக்குச் சட்டென்று புரியும்.

மூட்டுவலி இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பிரஷருக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு வலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரக்கூடாது. வலி மருந்து சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். பிரஷர் மருந்து, ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை ரத்தத்தின் கொள்ளளவையே குறைக்கும். வடிகட்டியில் அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, பேதி வந்த நாளில் இந்த ஆபத்து பல மடங்கு. அப்படிப்பட்ட நாட்களில் பிரஷர் மருந்து, நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இவற்றில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

நேரம் பற்றி இரண்டே விஷயம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். சாப்பிட 30 முதல் 60 நிமிடம் ஆகட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அது உடம்பில் சேராது. சர்க்கரைக்கான கிளிமெபிரைடு போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும்; சாப்பாடு தவறினால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்சேட் இருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறிப்போய் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது நின்று உயிருக்கே ஆபத்தாகும். கூடவே எழுதும் ஃபோலிக் அமிலமும் பல சமயம் அதேபோல் சின்ன மஞ்சள் மாத்திரை. மாற்றிப் போட மிகவும் எளிது. கிழமையைப் பட்டியலில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இனி டப்பாவுக்கு வரலாம். வாரம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், பட்டியலைப் பார்த்து நிரப்புங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியிலேயே விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் ஈரம் பட்டால் கெட்டுவிடும், அதற்கும் டப்பா ஆகாது. பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர். என்று இருந்தால் பொடிக்காதீர்கள். நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். தேதி அச்சிட்ட அட்டை முனையை வெட்டி எறியாதீர்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

பட்டியலும் சமீபத்திய கிரியாட்டினின் அறிக்கையும் கையில் இருக்க, மூவரில் ஒரு டாக்டரையாவது, முடிந்தால் மருந்தாளுநரையும், பத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன வாரத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய சீட்டும் புதிய சீட்டும் கலப்பது அப்போதுதான். புது மருந்து எழுதும்போதெல்லாம் “இதனால் பழையதில் எதையாவது நிறுத்தலாமா?” என்று கேளுங்கள்.

நிறுத்துவதென்று முடிவானால் ஒவ்வொன்றாகத்தான். மெட்டோப்ரோலால், குளோனிடின் என்ற பிரஷர் மருந்துகள், பல வாரம் எடுத்த ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து ஆகியவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி, பிரஷர் எகிறுதல், மயக்கம், வலிப்பு வரலாம்; அவற்றின் அளவைப் படிப்படியாகக் குறைக்க டாக்டர் ஒரு அட்டவணை தருவார். மாற்றம் செய்த தேதியைப் பட்டியலிலேயே குறித்து, அடுத்த இரண்டு வாரம் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்து எழுதி வாருங்கள்.