புதிதாகக் கற்பவர்களுக்கு நிரலாக்கப் பாடம் எழுதுவது எப்படி?

கேள்வி: எனக்குப் பைதான் நிரல்மொழி நன்றாகத் தெரியும். ஆனால் புதியவர்களுக்காக எழுதும் பாடங்களை அவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் எந்த வரியில் விட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். லூப், ஃபங்ஷன் போன்ற கடினமான பகுதிகளில் இருக்காது. நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

'பைதானை நிறுவிக்கொள்ளுங்கள்' என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸுக்கான வழக்கமான இன்ஸ்டாலரில், முதல் திரையின் அடியில், பைதானை 'பாத்'தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்ப்பதற்கு ஒரு சின்னக் கட்டம் உண்டு. அது டிக் ஆகாமல்தான் வரும். கவனிக்காமல் விட்டுவிட்டு, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் பைதான் என்று தட்டினால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். இப்போதுதானே நிறுவினோம், மறுபடியும் நிறுவச் சொல்கிறதே என்று முழிப்பார்கள். பலர் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் காட்டும் ஒரு படம் போட்டிருந்தால் அவர்கள் தொடர்ந்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், புதியவருக்கான பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, திரையில் என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். ஒன்றுமே வராது என்றால் அதையும் எழுதுங்கள். பல லினக்ஸ் கணினிகளில், நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளைக்குக் கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். 'திரையில் எதுவும் தெரியாது, அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்' என்று ஒரு வரி போதும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருள் பற்றிய பாடத்திலும் இதே கதைதான். என்ன மாற்றினோம் என்ற செய்தியைச் சேர்க்காமல் கமிட் (மாற்றத்தைப் பதிவுசெய்யும் கட்டளை) கொடுத்தால் பல கணினிகளில் விம் எடிட்டர் திறக்கும். அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017க்குள்ளேயே பத்து லட்சம் முறை பார்த்திருந்தார்கள். அத்தனை பேர் மாட்டிக்கொள்ளும் இடம் என்று தெரிந்த பிறகும் அதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

அடுத்தது, விளக்கத்தை எங்கே வைப்பது. டேட்டா டைப் (எண், எழுத்து போன்ற தரவு வகை) என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு அதன்பிறகு நிரலுக்கு வராதீர்கள். இரண்டு எண்களை இன்புட் மூலம் வாங்கிக் கூட்டும் நிரலை, எண்ணாக மாற்றாமலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் 5 கொடுக்கட்டும். 55 என்று விடை வரும். பத்து வரவில்லையே, ஏன் என்று அவரே கேட்பார். இன்புட் எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதை 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்ற வேண்டும் என்பதை அந்த நேரத்தில் சொன்னால் இரண்டு வரியில் புரிந்துவிடும், மறக்கவும் மறக்காது. பிழைச் செய்திகளையும் இப்படியே வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டலாம். ட்ரேஸ்பேக்கை, அதாவது பிழை வரும்போது பைதான் காட்டும் அந்த நீண்ட செய்தியை, கடைசி வரியிலிருந்து படிக்கப் பழகியவர், பிறகு தானாகவே நிறைய கற்றுக்கொள்வார்.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. கட்டளைக்கு முன்னால் டாலர் குறி போட்டால் அதையும் சேர்த்துத் தட்டுவார்கள், அதை விட்டுவிடுங்கள். வேர்டில் எழுதி ஒட்டினால் மேற்கோள்குறிகள் வளைந்துவிடும். அதை அப்படியே காப்பி செய்பவருக்குச் சின்டாக்ஸ் எரர்தான் வரும். நேர் குறிக்கும் வளைந்த குறிக்கும் உள்ள வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

எழுதி முடித்ததும், நிரலே எழுதிப் பழகாத தம்பி தங்கை யாரையாவது உட்காரவைத்து, அவர்களுடைய கணினியிலேயே செய்யச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவியிருக்கும், குறை எதுவும் தெரியாது. பக்கத்தில் இருந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இது மிகவும் கஷ்டம், 'அங்கே இல்லம்மா, மேலே' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லத் தோன்றும் ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துவைத்துப் பாடத்தில் சேருங்கள்.

பாடத்தின் மேலே பைதான் பதிப்பையும் எழுதிய தேதியையும் போட மறக்காதீர்கள். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் வரியோடு பழைய பாடங்கள் இன்னமும் இணையத்தில் கிடக்கின்றன. பைதான் 3இல் பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம் என்பதால், அவற்றைத் திறப்பவர்களுக்கு முதல் நிரலே ஓடுவதில்லை.