கூரை வேலை தள்ளிப்போயும் வயரிங் தேதி நகரவில்லை

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் தோட்ட மண்டபச் சீரமைப்புக்காக மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளில் போட்ட அட்டவணையில், மழையால் கூரை வேலை தாமதமான பின்னும் அதனுடன் இணைத்த வயரிங் பணி பழைய தேதியிலேயே நிற்பதாகவும், மின்பணியாளருக்குச் சிவப்புக் குறி விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை வெவ்வேறு சிக்கல்கள்.

இந்த மென்பொருள் 2010 பதிப்பு முதல் புதிய பணிகளைக் கைமுறைத் திட்டமிடலிலேயே தொடங்குவதால், இணைப்பு இருந்தாலும் முந்தைய பணியின் தாமதம் அடுத்ததை நகர்த்துவதில்லை. பணியின் பக்கத்தில் ஊசிக்குறி தெரிந்தால் அதைத் தானியங்கு முறைக்கு மாற்றுங்கள்.

சிவப்புக் குறியோ, ஒரே ஆளை ஒரே நாளில் மண்டபத்திற்கும் சமையற்கூடத்திற்கும் முழு நேரமாக ஒதுக்கியதால் வருவது. இத்தகைய மோதலைத் தீர்க்கும் 'லெவல் ரிசோர்ஸ்' கட்டளை ஏதேனும் ஒன்றைத் தள்ளிவைக்கும்; எதை என்பதை மென்பொருளிடமே விடுவது எனக்கு உவப்பில்லை (திறப்பு விழாத் தேதி அதற்குத் தெரியாது). ஆகவே மண்டப வயரிங்கின் முன்னுரிமையை வழக்கமான 500இலிருந்து 900ஆக உயர்த்தி, லெவலிங் வரிசையில் (எதைத் தள்ளிவைப்பது என்று தீர்மானிக்கும் அமைப்பில்) முன்னுரிமையை முதலில் வைத்த பிறகே அக்கட்டளையை இயக்குங்கள்.