எட்டுக்கல் சுவர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எழுதிய குறிப்பு ஒன்றில், செங்கல் கட்டடங்களில் நீங்கள் மிகவும் மதிப்பது சிகாகோவின் மொனாட்நாக் என்று சொல்லியிருந்தீர்கள். மூன்று வருடமாக அதன் வாசல் வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஜாக்சன் சாலையும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் மூலை. படித்த மறுநாள் நின்று பார்த்தேன். ஒரு சிற்பம் இல்லை, பூவேலை இல்லை. பழுப்பு நிறத்தில் நீளமான ஒரு பெட்டி. முதலாளி காசை மிச்சம் பிடிக்க இப்படி மொட்டையாகக் கட்டச் சொன்னார் என்கிறார் அலுவலக நண்பர். ஊரிலிருந்து வருகிறவர்களை விவேகானந்தர் பேசிய ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு அழைத்துப் போகிறேன். அது பார்த்ததுமே பிடித்துவிடுகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?

எஸ்., சிகாகோ

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். கட்டச் சொன்னவர்கள் பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ் என்ற சகோதரர்கள். இருந்தது பாஸ்டனில். 1871 தீவிபத்துக்குப் பிறகு வேகமாக எழுந்துகொண்டிருந்த சிகாகோவில் பணத்தைப் போட்டு, வாடகை வாங்கினார்கள். அங்கே அவர்களுக்காக எல்லாவற்றையும் கவனித்தவர் ஓவன் ஆல்டிஸ். சுவரிலிருந்து எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, அதில் அழுக்குதான் சேரும் என்பது பீட்டர் புரூக்ஸின் கண்டிப்பு.

வரைந்தவர் ஜான் ரூட். பர்னம் அண்ட் ரூட் நிறுவனத்தின் கற்பனை முழுக்க அவருடையது என்பேன். முதலில் எகிப்திய அலங்காரங்களோடுதான் போட்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில், பங்குதாரர் டேனியல் பர்னம் அலுவலகத்தில் ஒருவரை விட்டு அலங்காரமே இல்லாத நேர்ச்சுவராக ஒரு படம் போட வைத்துவிட்டார். திரும்பி வந்த ரூட்டுக்குக் கோபம். ஆனால் கொஞ்ச நாளில், எகிப்தியப் பிரமிடின் கனத்த சாய்வுக்கோடுகள் தன் மனதில் புகுந்துவிட்டன, ஒரு நகைகூட இல்லாமல் இதைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ரூட்டின் மைத்துனி ஹாரியட் மன்றோ. பின்னாளில், 1912இல், 'பொயட்ரி' என்ற கவிதை இதழைத் தொடங்கிய அதே மன்றோதான்.

இனி சுவருக்கு வருவோம், எனக்கு முக்கியம் அதுதான். நம் ஊர்க் கொத்தனார்கள் ஒன்பது அங்குலச் சுவரை ஒரு கல் சுவர் என்பார்கள். சாதாரண வீட்டுக்கு அது போதும். மொனாட்நாக்கை இரண்டு பாதியாகக் கட்டினார்கள். ரூட் வரைந்து முதலில் எழுந்த வடபாதி பதினாறு மாடி. வெளிச்சுவரே எடையைத் தாங்கும்படி கட்டியது. அதனால் அடியில் அதன் கனம் ஆறு அடி. எட்டுக்கல் சுவர்! மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் பதினெட்டு அங்குலம், அதாவது இரண்டு கல்.

இந்த மெலிதலைத்தான் ரூட் வடிவமாக்கினார். அடுத்த முறை தரைத்தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் பாருங்கள். சுவர் வெட்டுப்பட்டு உள்ளே போகாது, வளைந்து போகும். நேரே ஏறி, உச்சியில் மறுபடி மெல்ல வெளியே விரியும், எகிப்தியத் தூண்களில் வரும் பாப்பிரஸ் நாணல் தண்டின் தலைபோல. கட்டடத்தின் மூலைகளும் உயர உயர மழுங்கும். அதற்கென்றே தனி அச்சில் வார்த்த செங்கற்கள். ஒட்டவைத்த அலங்காரம் ஒன்றுகூட இல்லை. எடை எங்கே அதிகமோ அங்கே சுவர் அகன்றிருக்கிறது, நம் கண்ணும் அதை உணர்கிறது. சிக்கனத்துக்காகப் போட்ட நிபந்தனையிலிருந்து இதை எடுத்திருக்கிறார் என்பதால்தான் எனக்கு ரூட்மேல் இவ்வளவு மரியாதை.

எதுவும் துருத்தக் கூடாதென்றால் பிதுங்கி நிற்கும் அந்த ஜன்னல் வரிசைகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் வாடகைதான். அறைக்கு வெளிச்சம் கூடும், தெருப்பக்கம் இடமும் கூடும்.

எடையைச் சுவருக்குப் பதில் தூண்களும் உத்திரங்களும் தாங்கும் இரும்புச் சட்டகம் அப்போது தெரியாத விஷயம் அல்ல. 1885இலேயே வில்லியம் ஜென்னியின் பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் அதே ஊரில் எழுந்துவிட்டது. பர்னமும் ரூட்டுமே 1890இல் ராண்ட் மெக்னாலி கட்டடத்தை எஃகுச் சட்டகத்தில் கட்டியிருந்தார்கள். அப்புறமும் இங்கே செங்கல்! அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஒரு மாடி கூட்டினால் அடிச்சுவர் இன்னும் பருக்கும். நல்ல வாடகை தரும் தெருவோரக் கடையின் இடத்தைச் சுவர் தின்றுவிடும். சிகாகோவின் மண் வேறு மெத்தென்ற களிமண். எஃகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, தெப்பம்போல ஓர் அஸ்திவாரம் போட்டார்கள். எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்கு. 1940களின் கடைசிக்குள் இருபது அங்குலம் இறங்கிவிட்டது.

ரூட் இதை முடிந்த நிலையில் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில், நாற்பத்தொரு வயதில், நிமோனியாவில் போய்விட்டார். வடபாதி அந்த ஆண்டுதான் முடிந்தது. பர்னம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் வெள்ளைத் தூண்களும் வளைவுகளுமான கட்டடங்களுக்குத் தலைமை தாங்கப் போய்விட்டார். நீங்கள் விருந்தினர்களை அழைத்துப்போகும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும் அதே ஆண்டின் வரவு. ரூட் இருந்திருந்தால் அந்தக் கண்காட்சி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதே 1893இல் மொனாட்நாக்கின் தென்பாதியும் முடிந்தது. கட்டியவர்கள் ஹோலபேர்ட் அண்ட் ரோச். பதினேழு மாடி, எஃகுச் சட்டகம். நம் ஊர்ப் பேச்சில் பில்லர் போட்டுக் கட்டியது. எடை குறைவு, செலவு குறைவு, வாடகைக்கு விடக்கூடிய இடம் அதிகம். இரண்டே வருட இடைவெளியில், ஒரே கட்டடத்துக்குள், ஒரு முறை முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. வேறு எங்கேயும் இதை இவ்வளவு பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் போனது ஒரே ஒருமுறை, மழை பெய்த ஒரு மாலையில். 1979க்குப் பிறகு பல வருடம் பொறுமையாகப் பழுதுபார்த்து, மொசைக் தரையையும் பழைய விளக்குகளையும் மீட்டிருக்கிறார்கள். அலுமினியப் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். அலுமினியத்தைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்திய ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

ஒரு நாள் மதிய இடைவேளையில் வடபாதிக் கடை ஒன்றில் நுழையுங்கள். வாசலில் நின்று, கண்ணாடிக்கும் சுவரின் வெளிவிளிம்புக்கும் நடுவில் கையை நீட்டிப் பாருங்கள். அப்புறம் டியர்பார்ன் தெருவிலேயே தெற்கே நடந்து, தென்பாதிக் கடை ஒன்றிலும் அதையே செய்யுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.