பேராசிரியர் பேசுவது புரியவில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டவருக்கு

வெளிநாட்டுக்குப் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது, வகுப்பில் பாதி புரியவில்லை, அறைக்கு வந்தால் வீட்டுக்கு வீடியோ காலிலேயே பொழுது போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, டிக்கெட் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

புரியாதது உங்கள் அறிவின் குறையல்ல, அந்த ஊர் உச்சரிப்புக்குக் காது இன்னும் பழகவில்லை. எனக்கு முதல் வாரம் ஒருவர் ‘டாட்டா, டாட்டா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கு டாட்டா காட்டுகிறார் என்று விழித்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அது ‘டேட்டா’ என்று உறைத்தது! அதற்கப்புறம் முந்தின இரவே ஸ்லைடுகளைப் படித்துவிட்டுப் போவேன். கண் பார்த்த சொல்லைக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முன்வரிசையில் உட்காருங்கள், உதட்டசைவும் உதவும். பேராசிரியரைத் தனியே பார்க்கும் நேரத்தில் “புரியவில்லை” என்று மட்டும் போய் நிற்காதீர்கள். “12ஆம் ஸ்லைடில் இந்தப் படி எப்படி வந்தது?” என்று கேளுங்கள்.

ஊர் நினைப்பு புதிதல்ல. ஆரம்பப் பரவசம் வடிந்ததும் எரிச்சலும் ஏக்கமும் வரும் என்று மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960லேயே எழுதினார். எல்லோருக்கும் அதே வரிசையில் வருவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். சிலருக்குத் தொடக்கமே கசப்புதான், உங்களைப் போல.

வீட்டுக்குப் பேசுங்கள், ஆனால் ஒரு நேரம் வைத்துக்கொண்டு. ஒரு பக்கம் அம்மாவோடு வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் யாரோடும் பழக்கம் பிடிக்காது. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள்.