டைனோசரும் ஒரு மாட்டுக் கயிறும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஆறு வயது. எந்நேரமும் டைனோசர் பேச்சுதான். "நம்ம வீட்டவிடப் பெருசாம்மா?" என்று கேட்கிறான். போனில் வீடியோ காட்டினேன், மீட்டர் கணக்கும் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி அதையே கேட்கிறான். அளவை எப்படிப் புரியவைப்பது? நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

பெரியவர்கள் கேட்பதை விடுங்கள். புத்தகம் அப்புறம் வாங்கலாம். முதலில் அந்த போனை எடுத்து உள்ளே வையுங்கள். அதில் யானை வந்தாலும் எறும்பு வந்தாலும் உள்ளங்கை அகலம்தான். உள்ளங்கையில் அடங்குவதைக் காட்டிவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்? மறுபடி மறுபடி கேட்கிறான் பாருங்கள், கெட்டிக்காரன். நீங்கள் சொன்னது பதில் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கொல்லை ஓரத்துப் புளியமரத்தில் அப்பா போட்ட அரிவாள் வெட்டு இன்னும் இருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயது. ராகி அறுப்புக்கு முந்தின ராத்திரி யானை இறங்கிவிட்டது. பரணிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் தகரம் தட்டிய சத்தம் மட்டும் வீடுவரை கேட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் பாதிக் கொல்லை மிதிபட்டுக் கிடக்கிறது. ஈர மண்ணில் ஒரு முன்னங்கால் தடம், ஓரம் கலையாமல், நகக்குறி தெரிய. அப்பா என்னைத் தூக்கி அதற்குள் விட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தடம் என்னை அப்படியே வாங்கிக்கொண்டது.

பிறகு மாட்டுக் கயிற்றைத் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார். அந்த நீளத்தைப் போல இரண்டு பங்கு எடுத்து மரத்தடியிலிருந்து மேலே பிடித்தார். கை எட்டவில்லை. கட்டைவண்டியை இழுத்துவந்து அதன்மேல் ஏறி ஒரு வெட்டுப் போட்டார். "இதான்டா அதோட தோள்பட்டை" என்றார். முன்னங்கால் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு தோள் உயரம் என்பது யானைக்காரர்கள் அறிந்த கணக்கு. அண்ணாந்து பார்த்தபோது வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. போன வாரமும் புரண்டது. மரம் எவ்வளவு வளர்ந்தாலும் அடிமரத்து வடு மேலே ஏறுவதில்லை. யானை இன்னும் அதே உயரத்தில் நிற்கிறது.

டைனோசருக்கும் இதைத்தான் செய்கிறார்கள். பாறையில் பதிந்த தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் ஏறக்குறைய வந்துவிடும். டைரனோசரஸ் இடுப்பு சுமார் 12 அடி. மூக்கிலிருந்து வால் நுனிவரை 40 அடி. 40 அடிக் கயிறு வாங்கித் தெருவில் நீட்டுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவன் நடக்கட்டும். பொம்மைப் பாக்கெட்டில் அதற்குச் சமமாக நிற்குமே வெலாசிராப்டர், அதற்கு 6 அடிக் கயிறு போதும். அதிலும் பெரும்பகுதி வால். நிஜத்தில் வான்கோழி அளவுதான்.

வீட்டைப் பற்றிக் கேட்டானே. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டப்பட்ட டைனோசருக்குக் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எலும்பு உதிர்ந்துபோய்விட்டது, அது எலும்புதானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இருந்தாலும் வாசல் நிலையோரம் அவனை நிறுத்தி, "முட்டியிலிருந்து கணுக்கால்வரைக்கும் இவ்வளவு" என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். யானையைப் போல இரண்டு மடங்கு பெரிது, அதனால் இரண்டு யானை எடை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ராகிக் களி கிண்டும் அன்றைக்கு எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை பிடியுங்கள். அகலத்தில் அதற்கு இரண்டு மடங்காக இன்னொன்று. பெரியதைப் பிய்த்து எலுமிச்சை உருண்டைகளாக அவனையே உருட்டச் சொல்லுங்கள். இரண்டு வராது, நான்கும் வராது, எட்டு வரும். அகலம் கூடும்போது உயரமும் தடிமனும் கூடவே கூடுகின்றன. எடை எட்டு மடங்கு ஏறும்போது, தாங்குகிற காலின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஏறுகிறது. அதனால்தான் பெரிய உடம்புக்குத் தூண் மாதிரிக் கால் வேண்டியிருக்கிறது. கால் கணக்கைப் பிறகு சொல்லலாம், எட்டு உருண்டையை இப்போதே உருட்டட்டும். களி கொஞ்சம் ஆறியதும் கொடுங்கள். கையில் தண்ணீர் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பிஞ்சுக் கை சுட்டுவிடும்.