வாட்ஸ்அப் அடங்கும், டெலிகிராம் அடங்காது

கேள்வி: அலுவலகத்தில் 25 கணினிகள். இணையப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அந்த வேலையைச் செய்துகொண்டே வேண்டாத பெயர்களைத் தடுக்கும் பைஹோல் மென்பொருளை எங்கள் டிஎன்எஸ் சர்வராக வைத்து, அதில் வாட்ஸ்அப்.காம் முகவரியைத் தடுத்தேன். கணினியில் வாட்ஸ்அப் வெப் நின்றது. வைஃபையில் இருக்கும் செல்போன்களில் அரட்டை நிற்கவில்லை. விற்பனைப் பிரிவுக்கு மட்டும் அனுமதி வேண்டும். என்ன செய்யலாம்? - வாசகர், ஈரோடு

பதில்: பாதிக் கதவைத்தான் சாத்தியிருக்கிறீர்கள். உலாவியில் திறப்பது டாட் காம். செல்போன் செயலியின் செய்தியும் படமும் போய்வருவது வாட்ஸ்அப்.நெட் வழியாக. அதையும் 'வைல்டுகார்டு' டிக் போட்டுச் சேருங்கள். டிக் இல்லாவிட்டால் அந்த ஒரு பெயர் மட்டும் தடைபடும், ஜி.வாட்ஸ்அப்.நெட் போன்ற கிளைப் பெயர்கள் தப்பிவிடும்.

சேர்த்த கையோடு சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று அழித்துவிடாதீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு டிஎன்எஸ்ஸை மறுபடி கேட்காது. செல்போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். விண்டோஸில் சேமித்து வைத்த பழைய டிஎன்எஸ் பதில்களை அழிக்க 'ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்' கட்டளை கொடுங்கள்.

அடுத்து ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி, டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுக்கும் வசதி) பக்கம். முதல் டிஎன்எஸ் பைஹோல், இரண்டாவதாக 'ஒரு பாதுகாப்புக்கு' கூகுளின் பொது டிஎன்எஸ் ஆன 8.8.8.8 என்று போட்டிருந்தால் உடனே எடுங்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைத் தொடும் என்பது வெறும் நம்பிக்கை. கருவிகள் இரண்டில் எதையும் கேட்கும். ஐபிவி6 இயங்கினால் ரவுட்டர் அந்த வழியிலும் வேறு டிஎன்எஸ்ஸை அறிவிக்கிறதா என்று பாருங்கள். 8.8.8.8-ஐக் கையால் போட்டுக்கொள்ளும் கெட்டிக்காரர்களுக்கு: ஃபயர்வாலில் (போக்குவரத்தை வடிகட்டும் அமைப்பு) டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டிலும் பைஹோலுக்கு மட்டும் திறந்துவிட்டு, மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் போகும் 853-ஐ முழுதாக மூடுங்கள்.

விற்பனைப் பிரிவுக்குப் பைஹோலில் தனி குரூப் உருவாக்கி, அவர்களுடைய கருவிகளை அதில் சேர்த்து, 'டிஃபால்ட்' குரூப்பிலிருந்து நீக்குங்கள். விளம்பரத் தடைப் பட்டியல்களைப் புதிய குரூப்புக்கும் ஒதுக்க மறந்தால், அவர்கள் திரையில் மட்டும் விளம்பரம் கொட்டும்! கருவிகளுக்கு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். செல்போன் என்றால் அந்த வைஃபைக்கு மட்டும், கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் மேக்' வசதியை அணைக்க வேண்டும்.

மொபைல் டேட்டாவுக்கு மாறுபவரை எந்த டிஎன்எஸ்ஸாலும் பிடிக்க முடியாது.

கேள்வி: டெலிகிராமையும் இப்படியே தடுக்கலாமா?

பதில்: வெப் பதிப்பும் டி.மீ இணைப்புகளும் நிற்கும், செயலி நிற்காது. சர்வர்களின் ஐபி முகவரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் அது டிஎன்எஸ்ஸை நம்பி இல்லை. ஃபயர்வாலில் 149.154.160.0/20, 91.108.4.0/22, 91.108.56.0/22 ஆகிய தொகுதிகளை மூடிப் பாருங்கள். இவை தவிர வேறு தொகுதிகளும் உண்டு. செயலி இன்னும் இணைந்தால், ஃபயர்வால் பதிவேட்டில் அந்தச் செல்போன் எங்கே போகிறது என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.